படகில் ஓட்டை போடுகிறவர்கள்

படகு வைத்திருப்பவர் யாரும் அதில் தானே போய் ஓட்டை போட மாட்டார். போட்டால் ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் ஊர் பேசும். ஆனால் அமெரிக்காவின் ஏரிக்கரை ஊர்களில், குளிர் விடைபெறும் பங்குனி வாக்கில், எத்தனையோ கார் ஷெட்டுகளில் இந்த வேலைதான் நடக்கிறது. டிரெய்லர் மேல் 14 அடி நீள அலுமினியப் படகு. அதன் பின்பலகையில், தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே, பென்சிலால் ஒரு வட்டம். எதிரே, வட்ட ரம்பம் மாட்டிய டிரில்லிங் மெஷினோடு படகுக்காரர். நன்றாக இருக்கிற படகை எதற்காக இப்படிச் செய்கிறார்? பிடிக்கப் போகும் மீன் சாகாமல் இருக்கத்தான்.

லைவ்வெல் என்று அவர்கள் சொல்லும் உயிர்த்தொட்டி, படகுக்குள் பொருத்தும் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஏரியிலிருந்தோ கடலிலிருந்தோ புதுத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும், பழைய தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள்.

நம்மூர்க்காரருக்கு முதலில் சிரிப்பு வரலாம். மீனைப் பிடித்தோமா, ஐஸில் போட்டோமா, கரைக்கு வந்தோமா என்று இல்லாமல், உயிரோடு வைத்து என்ன செய்யப் போகிறார்கள்? சிலருக்கு அது தூண்டில் இரை; உயிரோடு துள்ளினால்தான் பெரிய மீன் வரும். சிலருக்கு அது விலை; உயிரோடு இருந்தால் கூடக் கிடைக்கும். அமெரிக்க ஏரிகளில் தூண்டில் போடுகிறவருக்கோ கதை வேறு. அவர் மீனைத் திரும்ப ஏரியிலேயே விடப்போகிறார்.

ரே ஸ்காட்டின் போட்டி

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் இருக்கிறார். அலபாமா மாநிலம் மான்ட்கோமரியைச் சேர்ந்த ரே ஸ்காட், 1967-ல் ஆர்கன்சாஸின் பீவர் ஏரியில் ஒரு தூண்டில் போட்டி நடத்தினார். பாஸ் என்ற நன்னீர் மீனை யார் அதிக எடைக்குப் பிடிக்கிறார் என்பதுதான் போட்டி. புல்லுக்கும் மரவேருக்கும் நடுவே பதுங்கியிருந்து பாய்ந்து இரை பிடிக்கும் முரட்டு மீன் அது. தூண்டிலில் மாட்டினால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே எகிறும். போட்டி பிரபலமானது. அடுத்த ஆண்டே பாஸ் தூண்டில்காரர்களுக்கென்று ஒரு சங்கத்தை ஸ்காட் தொடங்கினார்.

போட்டி பெருகப் பெருக ஒரு சங்கடமும் பெருகியது. எடை போட்டு முடித்ததும் கயிற்றில் கோத்த செத்த மீன்கள் வரிசையாகத் தொங்கும். ஏரி காலியாகிவிடும் என்று உள்ளூர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள். 1972-ல் ஸ்காட் 'பிடித்ததைக் கொல்லாதே' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். மீனை உயிரோடு கொண்டுவந்து, எடை போட்டு, திரும்ப ஏரியில் விட வேண்டும். மீன் செத்துவிட்டால் போட்டியில் பின்னடைவு. விதி வந்ததும், காற்றோட்டமுள்ள தொட்டி இல்லாத படகு போட்டிக்கு லாயக்கில்லை என்றாகிவிட்டது. இதில் இயற்கை மேல் இருந்த அக்கறை எவ்வளவு, வியாபார புத்தி எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஏரியில் மீன் தீர்ந்தால் போட்டியும் தீர்ந்துவிடும் என்பது ஸ்காட்டுக்குத் தெரியாதா என்ன? காரணம் எதுவானாலும் மீனுக்கு நல்லதாகத்தான் முடிந்தது.

இன்று 18 அடிக்கு மேற்பட்ட பாஸ் படகுகள் தொழிற்சாலையிலிருந்தே தொட்டியோடு வருகின்றன. அவற்றின் விலை ஒரு நல்ல காரின் விலைக்குக் குறையாது. கையில் அவ்வளவு இல்லாதவர் ஜான் படகு என்கிற தட்டையடி அலுமினியப் படகை, பெரும்பாலும் பழையதாக, வாங்குகிறார். அதில் தொட்டி கிடையாது. தானே கட்டிக்கொள்கிறார்.

இரண்டேகால் லிட்டர் காற்று

தொட்டி கட்டப்போகிறவர் எல்லோரும் முதலில் பெட்டியைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். எத்தனை லிட்டர், என்ன பொருள், மூடி எப்படி என்று. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஆக்ஸிஜன் கணக்கை.

நாம் சுவாசிக்கும் காற்றில், லிட்டருக்கு 270 மில்லிகிராம் அளவுக்கு ஆக்ஸிஜன் இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் நன்னீரில், லிட்டருக்கு 9 மில்லிகிராம்தான் கரைந்து நிற்கும். வெயில் ஏறி 30 டிகிரியானால் ஏழரைக்கு இறங்கிவிடும். உப்புத் தண்ணீரில் இன்னும் குறைவு. மீனின் தேவையோ நேர் எதிராக ஓடுகிறது. தண்ணீர் சூடாகச் சூடாக அதன் உடம்பு வேகமாக இயங்கி, அதிக ஆக்ஸிஜன் கேட்கும். ஆக, உச்சி வெயிலில் வரவு குறைந்து செலவு கூடுகிறது. போதாததற்கு, அப்போதுதான் தூண்டிலில் மல்லுக்கட்டி மேலே வந்த மீன் அது. தசையெல்லாம் சோர்ந்து, மூச்சிரைத்துக்கொண்டிருக்கிறது. தொட்டியில் விழும் முதல் அரை மணி நேரத்தில்தான் அதற்கு மிக அதிக ஆக்ஸிஜன் வேண்டும்.

75 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சின்னப் படகுக்கு அது தாராளம். 25 டிகிரி வெப்பத்தில் அந்தத் தொட்டித் தண்ணீர் முழுவதிலும் இருக்கும் ஆக்ஸிஜன் சுமார் 600 மில்லிகிராம். இரண்டேகால் லிட்டர் காற்றில் இருக்கிற அளவு, அவ்வளவே. அதிலும் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பாஸ் திணற ஆரம்பிக்கும் என்பதால், மீன் வசதியாக எடுத்துக்கொள்ளக்கூடியது பாதிகூட இல்லை. தண்ணீரை அப்படியே தேக்கி வைத்தால், ஐந்து பெரிய மீன்கள் சில நிமிடங்களிலேயே வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். தொட்டியை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் இன்னும் சில நிமிடங்கள் கிடைக்கும். தண்ணீர் மாறிக்கொண்டே இருந்தால் நாள் முழுக்கக் கிடைக்கும்.

மீனின் கழிவான அமோனியாவுக்கும் இதே கதிதான். தேங்கினால் விஷம், ஓடினால் போய்விடும். அதனால்தான் பெட்டியைவிட ஓட்டை முக்கியம் என்கிறேன். பெட்டியைக் கடையில் வாங்கிவிடலாம். தண்ணீர் வரும் வழி, போகும் வழி இரண்டையும் அந்தந்தப் படகுக்குத் தக்கபடி யோசித்துத்தான் போட வேண்டும்.

நடுப்பலகையின் ஆபத்து

பெட்டியையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். ஒரு பவுண்டு மீனுக்கு ஒரு காலன் தண்ணீர் என்பது பாஸ்காரர்களின் கைக்கணக்கு. நம் அளவில் ஒரு கிலோவுக்கு எட்டு லிட்டருக்குச் சற்று மேலே. பலரும் பிக்னிக்குக்கு எடுத்துப்போகும் ஐஸ் பெட்டியையே தொட்டியாக்கிவிடுகிறார்கள். மோசமான யோசனை இல்லை. சுவரில் வெப்பத்தடை இருப்பதால் வெயில் சீக்கிரம் உள்ளே இறங்காது. பிளைவுட்டில் பெட்டி செய்து, உள்ளும் புறமும் ஃபைபர் மேட் ஒட்டி ரெசின் பூசுகிறவர்களும் உண்டு. இவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்கச் செம்புக் கலவை ஏற்றிய மரப்பலகையை அலுமினியப் படகின் மேல் வைத்துத் திருகினால், ஈரம் பட்டதும் செம்பு அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். பலகை நன்றாக இருக்கும், படகு பொத்துப்போகும். ஓட்டையில் மாட்டும் அழகான பித்தளை, வெண்கலப் பொருத்திகளுக்கும் இதே சங்கதிதான். மர, ஃபைபர் படகுகளில் நெடுங்காலமாக நம்பிக்கையோடு உபயோகித்த வெண்கலம், அலுமினியப் படகில் எமன். அங்கே கண்ணாடி நார் சேர்த்த நைலான் பொருத்திகள்தான் சரி.

பாஸ் மீனுக்குச் சதுரப் பெட்டி போதும். இரைக்கான பொடி மீன்களுக்குப் போதாது. மத்தியைக் கையில் எடுத்தவர்களுக்கு அதன் செதில் எவ்வளவு சுலபமாக உதிரும் என்று தெரியும். செதில் உதிர்ந்த மீன் தொட்டியில் நெடுநேரம் தாங்காது. கூட்டமாக ஒரே திசையில் சுற்றி நீந்தும் இந்த மீன்கள், மூலை இருந்தால் அங்கே போய் நெருக்கியடித்து மூக்கை உடைத்துக்கொள்ளும். அதனால் கலிஃபோர்னியாக் கரையில் மத்தி, நெத்திலியை இரையாகக் கொண்டுபோகும் படகுகளில் தொட்டி வட்டமாகவோ முட்டை வடிவத்திலோ இருக்கும். தண்ணீரும் சுவரை ஒட்டிச் சாய்வாக உள்ளே பாயும். மீன்கள் அந்த ஓட்டத்தை எதிர்த்து ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பெட்டியை எங்கே வைப்பது? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 75 லிட்டர் தண்ணீர் என்றால் 75 கிலோ. படகில் கூடுதலாக ஓர் ஆள் ஏறியதற்குச் சமம். அதுவும் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கூடவே சாய்கிற ஆள். அணியத்தில், அதாவது முன்முனையில், வைத்தால் மூக்கு தண்ணீரில் குத்தும். பின்முனையான அமரத்தில் ஏற்கெனவே எஞ்சினும் பேட்டரியும் ஓட்டுபவரும். நடுவில், கூடியவரை தாழ்வாக, இரு பக்கமும் சமமாக வைப்பதே உசிதம். பாதி நிரம்பிய தொட்டிதான் மிக ஆபத்து. நிறைகுடம் தளும்பாது என்பது படகில் எழுத்துக்கு எழுத்து உண்மை. அரைத் தொட்டித் தண்ணீர், படகு சாயும் பக்கமாகவே ஓடிச் சேர்ந்து, சாய்வை இன்னும் கூட்டும். ஆகவே தொட்டி ஒன்று முழுதாக நிரம்பியிருக்க வேண்டும், அல்லது காலியாக இருக்க வேண்டும். பெரிய தொட்டி என்றால் நடுவே துளையிட்ட தடுப்புப் பலகை வைக்க வேண்டும்.

நடுவில் வைக்கலாம் என்றால் அங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது: குறுக்கே உட்காரும் அலுமினியப் பலகை. பெட்டி வடிவத்தில் இருக்கும் அதைப் பார்த்ததும் ரெடிமேட் தொட்டியே கிடைத்துவிட்டது என்று தோன்றும். மேல் தகட்டை அறுத்தால் உள்ளே நுரை அடைத்திருக்கும். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே பிளாஸ்டிக் தொட்டியை இறக்குவார்கள். பார்க்கக் கச்சிதமாக இருக்கும்.

அந்த நுரை சும்மா இடத்தை நிரப்ப வைத்ததில்லை. படகில் தண்ணீர் நிரம்பினாலும், கவிழ்ந்தாலும், முழுதாக மூழ்காமல் ஆட்கள் பற்றிக்கொள்ளும்படி மிதக்க வைப்பது அதுதான். 20 அடிக்குக் குறைந்த எஞ்சின் படகுகளில் இந்த மிதவை இருந்தாக வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் விதி படகு செய்பவர்களைக் கட்டுப்படுத்துகிறது. அந்தக் குறுக்குப் பலகைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மெல்லிய அலுமினியப் பக்கங்கள் அலையில் உள்ளே வெளியே நெளியாமல் இழுத்துப் பிடித்திருப்பதும் அதுதான். இரண்டையும் எடுத்துவிட்டு மீனுக்கு வீடு கட்டினால், மீன் பிழைக்கும், ஆள் பிழைப்பது சந்தேகம். தெரிந்தவர்கள் பலகையைத் தொடாமல், அதை ஒட்டி முன்னாலோ பின்னாலோ தொட்டியை வைக்கிறார்கள். பலகையை அறுத்தே தீருவேன் என்கிறவர், எடுத்த அளவு நுரையைப் பக்கவாட்டில் வேறு இடத்தில் திரும்ப வைத்து, குறுக்குச் சட்டமும் அடிக்க வேண்டும்.

உள்ளே ஒரு விரல், வெளியே இரண்டு

இனி ஓட்டைக்கு வருவோம்.

டெக்சஸில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் படகில் இந்த வேலை செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பின்பலகையில் இடத்தைக் குறித்துவிட்டு, எஞ்சினை மேலேற்றிப் பார்த்தார், கீழிறக்கிப் பார்த்தார். டிரெய்லரின் உருளை அந்த இடத்தில் உரசுமா என்று படுத்துக்கொண்டு பார்த்தார். முதலில் பென்சில் கனத்துக்கு ஒரு சின்னத் துளை. அதை வழிகாட்டியாக வைத்து வட்ட ரம்பம். அலுமினியச் சுருள்கள் சிணுங்கிக்கொண்டே காலடியில் விழுந்தன. பிறகு அரை வட்ட அரத்தால் விளிம்பை ராவி ராவி, விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தார். விளிம்பில் பிசிறு இருந்தால் பசை சரியாக உட்காராது. படகுக்கான பாலியூரித்தேன் பசையை வளையமாகப் பிதுக்கி, பொருத்தியைச் செருகி, உள்ளேயிருந்து மரையை இறுக்கினார். நான்கு புறமும் பசை ஒரே சீராகப் பிதுங்கி வந்தபோதுதான் முகத்தில் தெளிச்சி வந்தது. எங்காவது பிதுங்காமல் இருந்தால் அங்கே பசை இல்லை, அங்கேதான் தண்ணீர் வரும்.

துளைக்கு வெளியே படகு போகும் திசையைப் பார்த்து வாய் திறந்த ஒரு சல்லடைக் கூடு. உள்ளே, துளையை ஒட்டியே, மூடித் திறக்கும் ஒரு வால்வு. இந்த வால்வு இல்லாமல் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே ஓட்டை போடவே கூடாது. ஹோஸ் கழன்றாலோ பம்ப் உடைந்தாலோ, கையை நீட்டி மூட ஒன்று வேண்டும். வால்வுக்குப் பிறகு 12 வோல்ட் பம்ப். பம்ப் எப்போதும் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழேயே இருக்க வேண்டும். இந்த வகைப் பம்புக்குத் தண்ணீரைத் தள்ளத் தெரியும், காற்றை உறிஞ்சி எடுக்கத் தெரியாது. படகு வேகமெடுத்து மூக்கைத் தூக்கும்போது துளைக்குள் காற்று புகுந்துவிட்டால், பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் வராது. சத்தம் வருகிறதே, ஓடுகிறது என்று ஆள் நினைத்துக்கொண்டிருப்பார். மூடியைத் திறந்து பார்க்கும்போது மீன்கள் மல்லாந்து கிடக்கும். ஹோஸ் நடுவில் தொய்ந்து மேடு பள்ளமாகக் கிடந்தாலும் இதேதான். அந்த மேட்டில் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும்.

சின்னத் தொட்டிக்கு மணிக்கு 500 காலன், அதாவது 1,900 லிட்டர், தள்ளும் பம்ப் போதும். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. அது தண்ணீரை மேலே ஏற்றாமல் அப்படியே தள்ளும்போது கிடைக்கும் அளவு. தொட்டி விளிம்பு வரை ஏற்றி, இரண்டு மூன்று வளைவுகளில் திருப்பினால் கணிசமாகக் குறைந்துவிடும். குறைந்தாலும் 75 லிட்டர் தொட்டித் தண்ணீரை மணிக்குப் பத்துத் தடவைக்கு மேல் மாற்றப் போதும். உள்ளே வரும் தண்ணீரை மேலிருந்து மெல்லிய தாரைகளாக விழச் செய்தால், விழும்போதே காற்றையும் இழுத்துக்கொண்டு இறங்கும்.

வருகிற வழியில் இவ்வளவு பாடுபடுபவர்கள், போகிற வழியைக் கோட்டை விடுவதுதான் ஆச்சரியம். உள்ளே வரும் ஹோஸ் முக்கால் இஞ்ச் என்றால், நிரம்பி வழியும் குழாயும் முக்கால் இஞ்ச் போதுமென்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளே வருவதை பம்ப் தள்ளுகிறது. வெளியே போவதைத் தள்ள யாருமில்லை. தன் எடையில் தானாக வழிந்து போக வேண்டும். அதனால் வெளியேறும் குழாய் ஒன்றரை இஞ்ச் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் மூடியைத் தாண்டிப் படகுக்குள் கொட்டும். செதில், பாசி அடைத்துக்கொள்ள வாய்ப்புள்ளதும் இந்தக் குழாய்தான். வெளிவாய் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். சுமை ஏறிப் படகு தாழ்ந்தாலும் மேலேயே இருக்க வேண்டும். வெறும் படகை வைத்துக் கோடு குறித்தவர்கள், ஆள், எஞ்சின், பெட்ரோல், 75 லிட்டர் தண்ணீர் எல்லாம் ஏறியபின் வெளிவாய் வழியாகவே ஏரி உள்ளே வருவதைப் பார்த்திருக்கிறார்கள்.

தொட்டிக்குள் தண்ணீர் மட்டத்தை நிறுத்த எளிய வழி, அடியிலுள்ள வடிகாலில் செருகிய ஒரு நிமிர்ந்த குழாய். குழாயின் உயரம் எதுவோ அதுதான் தண்ணீர் மட்டம். பிடுங்கினால் தொட்டி காலி.

மின்சார வேலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தகரம் பூசிய வயர், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் கை வைக்காமல் தனி பேட்டரி. எல்லாம் முடிந்ததும் ஏரிக்கு ஓடாமல் வீட்டு வாசலிலேயே தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு இணைப்பின் கீழும் ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். திரும்பி வரும்போது எந்தக் காகிதம் நனைந்திருக்கிறதோ அந்தக் கிளாம்ப்பை இறுக்கினால் போதும்.

தண்ணீர் ஓடினாலும் கோடையில் ஏரியின் மேல்தண்ணீரே வெந்துகிடக்கும். அப்போது உள்வழியை மூடி, தொட்டித் தண்ணீரையே இரண்டாவது பம்ப் மூலம் சுற்றவிட்டுக் காற்றேற்றுவார்கள். பாட்டிலில் உறைந்த ஐஸைப் போட்டு, ஏரியைவிட நான்கைந்து டிகிரி குறைத்து வைப்பார்கள். ஐஸைக் கொட்டாமல் பாட்டிலோடு போடுவதற்குக் காரணம் உண்டு. குழாய்த் தண்ணீரில் செய்த ஐஸ் என்றால் குளோரின் மீனின் செவுளைப் பதம் பார்க்கும். இதையெல்லாம் தொகுத்து, பாஸ் மீனை எப்படி உயிரோடு காப்பது என்று ஜீன் கில்லிலண்ட், ஹால் ஷ்ராம் என்ற இரு மீன்வள அறிஞர்கள் எழுதிய கையேடு 2002-ல் வந்தது. ஏரியில் விடும்போது துள்ளி நீந்திப்போன மீன், இரண்டு மூன்று நாள் கழித்துச் செத்து ஒதுங்குவதுண்டு. தொட்டியில் பட்ட மூச்சுத் திணறலின் பலன் அது. நீந்திப் போய்விட்டது, பிழைத்துக்கொண்டது என்று கைதட்டிவிட்டுக் கிளம்புகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை.

மாசிக் கருவாட்டின் ஓட்டை

பம்ப்பும் பேட்டரியும் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? இதே ஓட்டைதான், இன்னும் துணிச்சலாக.

இங்கிலாந்தின் ஹார்விச் துறைமுகத்தில் 1712-ல் ஒரு புது மாதிரிப் படகு இறங்கியது. நடுப்பகுதியில், முன்னும் பின்னும் தண்ணீர் புகாத இரு குறுக்குச் சுவர்கள். அவற்றுக்கு இடைப்பட்ட அடிப்பலகையில் வரிசையாகத் துளைகள். கடல் அந்த அறைக்குள் தாராளமாக வந்து போகும்; சுவர்களைத் தாண்டி வராது. படகு ஓட ஓடத் தண்ணீர் தானே மாறும். வடகடலில் பிடித்த காட் மீனை உயிரோடு கரை சேர்த்தார்கள். டச்சுக்காரர்கள் இதற்கு முன்பே இந்த வித்தையில் தேர்ந்தவர்கள். பின்னாளில் அமெரிக்காவின் மெய்ன் கரையில் உயிருள்ள லாப்ஸ்டரை ஏற்றிப் போனதும் இத்தகைய ஓட்டைப் படகுகள்தான்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஓட்டை மாலத்தீவிலும் மினிக்காயிலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சம்பலிலும் நம் கடற்கரைக் குழம்பிலும் விழும் மாசிக் கருவாடு, ஸ்கிப்ஜாக் என்கிற சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் கட்டையாகக் காய வைத்தது. 14-ம் நூற்றாண்டில் மாலத்தீவில் காஜியாக இருந்த இப்னு பதூதா, இந்த மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியானதை எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சூரையை வலையில் வாரிப் பிடிப்பதில்லை. ஒற்றைக் கம்பு, ஒற்றைத் தூண்டில். தூண்டில் முள்ளில் கொக்கிப் பல்லும் கிடையாது. மீனைப் பின்பக்கமாகச் சுழற்றி எறிந்தால் தானே கழன்று தளத்தில் விழும்.

ஆழ்கடலில் வேகமாகப் போகும் சூரைக் கூட்டம் படகின் பின்னால் நிற்க என்ன வழி? உயிருள்ள பொடி மீனை வாரி வாரி இறைப்பதுதான். செத்த மீனை இறைத்தால் சூரை சட்டை செய்யாது. பதறி ஓடும் மீனைக் கண்டால்தான் வெறி பிடிக்கும். ஆகவே விடியும் முன்பே பவளப்பாறை ஓரத்தில் விரல் நீள மீன்களை வலையால் தூக்கி, உயிரோடு வைத்துக்கொண்டுதான் ஆழ்கடலுக்குப் போக வேண்டும். மாலத்தீவின் மாஸ் தோணியில் அதற்கென நடுவில் ஓர் அறை. அடியில் துளைகள். துளைகளுக்கு மரக்கட்டை அடைப்பான்கள். அடைப்பானை எடுத்தால் கடல் உள்ளே பொங்கும். பாய்மரக் காலத்தில், உள்ளே வரும் தண்ணீரை ஆட்கள் ஓயாமல் இறைத்து வெளியே கொட்டிக்கொண்டே இருப்பார்கள். கை ஓய்ந்தால் மட்டம் ஏறும், தண்ணீர் மாறுவதும் நின்றுபோகும். மேலே சொன்ன 12 வோல்ட் பம்ப் இங்கே மனிதக் கை. 1974-ல் தொடங்கி மாலத்தீவுத் தோணிகளுக்கு எஞ்சின் வந்தது. பிறகு இறைக்கும் வேலையைப் பம்புகள் எடுத்துக்கொண்டன.

லட்சத்தீவுகளில் மினிக்காய் மக்களும் தலைமுறைகளாக இதே முறையில்தான் சூரை பிடிக்கிறார்கள். மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த எஸ். ஜோன்ஸ், மினிக்காயின் உயிர் இரை மீன்பிடிப்பைப் பற்றி 1958-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். மாலத்தீவின் தூண்டில் சூரைக்கு 2012-ல் எம்.எஸ்.சி. என்ற பன்னாட்டு நீடித்த மீன்பிடிச் சான்று கிடைத்தது. ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட் டப்பாவில் அந்த நீல முத்திரையைப் பார்க்கிறவருக்கு, அதற்குப் பின்னால் தோணியின் அடியில் வேண்டுமென்றே போட்ட ஓட்டைகள் இருப்பது தெரிய வாய்ப்பில்லை.

நம் தமிழகக் கரையில் ஏன் இந்தத் தொட்டி பெரிதாக வரவில்லை என்ற கேள்வி எழலாம். என் கணிப்பில், நம்மிடம் உயிரோடு விலை போகும் சரக்கு பெரும்பாலும் சிங்கி இறாலும் சேற்று நண்டும் என்பதுதான் காரணம். இவற்றுக்குத் தொட்டியே வேண்டாம். செவுள் ஈரமாக இருக்கும் வரை காற்றிலேயே மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். படகில் ஈரச் சாக்கு போட்டு நிழலில் வைத்தால் கரை வரை தாங்கும். விமானத்தில் ஏற்றும்போதுகூட குளிரவைத்து, மரத்தூளில் புதைத்துத்தான் அனுப்புகிறார்கள். கரையோரம் பிடிக்கும் களவா போன்ற மீனை உயிரோடு விற்க நினைப்பவருக்குத்தான் தொட்டி வேண்டும். ஆழத்திலிருந்து வேகமாக இழுத்த மீன் என்றால் தொட்டியும் உதவாது. அழுத்தம் குறைந்து காற்றுப்பை ஊதி, மீன் மல்லாந்துவிடும்.

வடிகால் சட்டம்

அமெரிக்கப் படகுக்காரருக்குக் கடைசியாக ஒரு தலைவலி உண்டு. மீன் போனபின் மிஞ்சும் தண்ணீர். 1988-ல் செயின்ட் கிளேர் ஏரியில் வரிக்குதிரை மட்டி என்ற சின்னஞ்சிறு அன்னியச் சிப்பியைக் கண்டுபிடித்தார்கள். கப்பல்களின் அடித்தண்ணீரில் ஐரோப்பாவிலிருந்து வந்தது அது. அதற்குப் பிறகு ஏரி ஏரியாகப் பரவி, குடிநீர்க் குழாய்களையும் மின்நிலையக் குழாய்களையும் அடைத்து, கோடிக்கணக்கில் செலவு வைத்தது. அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. இன்றைக்கு இந்த ஏரியில் தூண்டில் போட்டு, நாளை வேறு ஏரிக்குப் போகிறவரின் உயிர்த்தொட்டியில் ஒரு குவளைத் தண்ணீர் மிச்சமிருந்தால் போதும், அதில் ஏறிப் போய்விடும்.

மின்னசோட்டாவில் படகை ஏற்றிக்கொண்டு சாலைக்கு வரும்போது தண்ணீரையெல்லாம் வடித்திருக்க வேண்டும், வடிகால் அடைப்பானைக் கழற்றி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். டெக்சஸிலும் பொது நீர்நிலையிலிருந்து கிளம்பும்போது தொட்டியைக் காலி செய்தாக வேண்டும். மீனுக்காகத் தண்ணீரைக் கொண்டுவருவதில் மட்டும் கவனம் வைத்துத் தொட்டி கட்டியவர்கள், இப்போது படகுத்துறையில் ஸ்பாஞ்சும் கையுமாக உள்ளே தலையை விட்டு மூலைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் தொட்டியைப் பொருத்தும்போதே அடித்தளத்தை வடிகால் பக்கம் ஒரு விரற்கடை சாய்த்து வைக்கிறார்கள். டிரெய்லர் சரிவில் ஏறும்போது படகின் பின்பக்கம் தாழும் என்பதால் வடிகாலும் அந்தப் பக்கமே இருக்க வேண்டும். மேட்டின் மேலே வந்து சேருவதற்குள் தொட்டி வடிந்துவிடும்.